கறள் உரிக்கும் மணல்

பழைய மோட்டார் வண்டி ஒன்றைப் புதுப்பிக்கும்போது உடலையும் எஞ்சினையும் அச்சுகளையும் கழற்றிய பின் எஞ்சுகிற இரும்புச் சட்டகமே சேசி. ஐம்பது, அறுபது வருடமாக அதில் ஏறிய பெயின்ற், தார், கறள் எல்லாவற்றையும் உரித்து வெறும் இரும்பாக்க, அழுத்தக் காற்றோடு கூரான மணிகளை வீசி அடிக்கிறார்கள். கராஜ்களில் இதற்கு 'சாண்ட் பிளாஸ்டிங்' என்று பெயர். இந்தத் தொழில் பிறந்த இடம் அமெரிக்காவின் பிலடெல்பியா. ஆனால் அதைத் தேவையாக்கும் உப்பும், இன்று அதற்கு உகந்ததாகக் கருதப்படும் கார்னட் மணலும் மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் உண்டு. அதனால் இதன் வரலாற்றை வங்காலையிலிருந்து பார்ப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

வங்காலை மன்னார் நகருக்குத் தெற்கே, பெருநிலக் கரையில் இருக்கும் மீன்பிடி ஊர். அதற்கும் மன்னார்ப் பாலத்துக்கும் இடைப்பட்ட உப்புச் சதுப்பும் ஆழமற்ற கடலும் 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன; 4,839 ஹெக்டேயர் பரப்புள்ள அந்த நிலம் 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. பூநாரைகளுக்கு இது நல்ல இடம், இரும்புக்கு அல்ல. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் நேரே கடலிலிருந்து வீசுகிறது. அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றிலேயே உலர்ந்து உப்புத் தூளாகிக் கூரைத் தகரத்திலும் சைக்கிள் றிம்மிலும் வண்டியின் அடிப்பாகத்திலும் படிகின்றன. சோளகக் காலம் பெரும்பாலும் மழையில்லாக் காலம் என்பதால் படிந்ததைக் கழுவ எதுவும் வராது. ஐப்பசியில் வாடையோடு மழை தொடங்கும்போது, மாதக்கணக்காகச் சேர்ந்த உப்பு ஒன்றாகக் கரைந்து பொருத்துகளுக்குள்ளும் மடிப்புகளுக்குள்ளும் இறங்குகிறது.

கடல் உப்பு கறியுப்பு மட்டுமல்ல. சோடியம் குளோரைட்டு காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால்தான் நீரை உறிஞ்சிக் கரையும். கூடவே இருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். ஆகவே வெயிலில் காய்ந்து கிடப்பதுபோலத் தெரியும் சேசியின் மேல்கூட மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டேயிருக்கும். வண்டி ஓடாமல் நின்றாலும், மழையே பெய்யாவிட்டாலும் கறள் வளர்வது இதனால்தான்.

இந்தக் கடலின் கடுமை இரும்புக் கட்டுமானங்களில் பதிவாகியிருக்கிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கப்பல் இணைப்போடு 1914 பெப்ரவரியில் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தைப் பெயின்ற் பூசும் ஆட்கள் ஓயாமல் காத்துவந்தார்கள். அப்படியும் தூக்குப் பகுதி அரித்துப்போனதால் 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓட்டம் நிறுத்தப்பட்டது. பக்கத்தில் எழுந்த புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து அரிப்பை அளக்க நிலையம் அமைத்ததும் எதிர்க்கரையான மண்டபத்தில்தான். அங்கே தகட்டுக்கு நடப்பதே வங்காலையில் சேசிக்கும் நடக்கிறது.

இலங்கையில் பழைய வண்டிகள் இவ்வளவு காலம் உயிரோடு இருப்பதற்கு ஆசை ஒரு காரணம் என்றால் வழியின்மை இன்னொரு காரணம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி ஏறக்குறைய அடைபட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை, இருந்த ஒஸ்ரினையும் மொரிஸையும் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. வடக்கில் போரால் அந்த நிலை இன்னொரு தலைமுறைக்கு நீண்டது. 1990க்குப் பின் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்ட பகுதிகளில், காபரேற்றரில் சில துளி பெற்றோல் ஊற்றி எஞ்சினைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய ஒஸ்ரின் ஏ40 கார்கள் யாழ்ப்பாணத்தில் வாடகை வண்டியாகவும் மாப்பிள்ளை வண்டியாகவும் உழைத்தன. தலைமன்னார் ரயிலும் 1990இல் நின்றது. பாதை மீண்டும் போடப்பட்டு ரயில் தலைமன்னாரைத் தொட்டது 2015 மார்ச்சில். இடையில் இடம்பெயர்ந்தவர்களின் வளவுகளில் நின்றுபோன வண்டிகள், ஓடிய வண்டிகளைவிட மோசமாக உக்கின. ஓடுகிற வண்டியின் சேசி காற்றுப் பட்டுக் காயும். நிற்கிற வண்டியின் சேசிக்குள் புகுந்த மண் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

பழைய வண்டிகள் எல்லாவற்றுக்கும் தனிச் சேசி கிடையாது. 1947 முதல் 1954 வரை வந்த ஒஸ்ரின் ஏ40 டெவன், சமர்செற் மொடல்களில் உடலைத் தூக்கி எடுத்தால் கீழே முழுச் சட்டகம் நிற்கும். அடுத்து வந்த ஏ40 கேம்பிரிட்ஜில் உடலே சட்டகம். 1948இல் அறிமுகமான மொரிஸ் மைனரும் அப்படியே. அதன் அடித்தகட்டோடு பற்றவைத்த முன் கால்களைத்தான் 'சேசி லெக்' என்று வேலைக்காரர் சொல்வர். அதே ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்த லாண்ட் றோவர் வேறு சாதி. அதன் உடல் அலுமினியக் கலவை, சேசியோ ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் தடிப்புள்ள நான்கு இரும்புத் தகடுகளை விளிம்போடு விளிம்பு பற்றவைத்த பெட்டி. முன்னோட்டமாகச் செய்த முதல் வண்டிகளின் சேசிக்குத் துத்தநாகம் பூசியிருந்தார்கள். விற்பனைக்கு வந்தவற்றில் செலவைக் குறைக்கப் பெயின்றோடு நிறுத்திக்கொண்டார்கள். அன்று மிச்சம்பிடித்த காசுக்கு எழுபது வருடம் கழித்து உலகெங்கும் உரிமையாளர்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கறள் உரிப்பதற்கு முன்னர் இருந்த வழிகள் பொறுமையைச் சோதிப்பவை. கூரான சுத்தியலால் தட்டி உதிர்த்தல், கம்பித் தூரிகையால் தேய்த்தல், மண்ணெண்ணெயில் ஊறவைத்தல், எமரித் தாள், பெயின்றுக்குக் கோஸ்டிக் சோடா, சிறு பாகங்களுக்கு அமிலத் தொட்டி. கப்பல்களில் சுத்தியலால் தட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தனர். இவற்றில் எதுவும் குழிக்குள் இறங்கிய கறளைத் தொடாது. தூரிகை அதை மினுக்கி மூடிவிடும். மேலே பெயின்ற் அடித்தால் அடுத்த மாரிக்குள் கொப்பளிக்கும்.

இந்த நிலையை மாற்றியவர் பெஞ்சமின் சூ தில்மன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடதரப்பு அதிகாரியாக இருந்த அவர், நீராவியின் அல்லது காற்றின் வேகத்தில் மணலை வீசிக் கடினமான பொருட்களை வெட்டவும் செதுக்கவும் துப்புரவாக்கவும் முடியும் என்று 1870 அக்டோபரில் காப்புரிமை பெற்றார். பாலைவனக் காற்று சன்னல் கண்ணாடிகளை மங்கச்செய்ததைக் கண்டு இந்த எண்ணம் தோன்றியதாக ஒரு கதை சொல்லப்படுகிறது. கதை எப்படியோ, முதல் பயன்பாடுகள் கண்ணாடியில் கோலமிடுவதும் கல்லில் எழுத்துப் பொறிப்பதுமே; போரில் இறந்த சிப்பாய்களின் கல்லறைக் கற்களில் பெயர் வெட்டவும் அது உதவியது. இரும்பின் பக்கம் அதைத் திருப்பியவை வார்ப்படச்சாலைகள். வார்த்தெடுத்த இரும்பில் ஒட்டிய மண்ணை நீக்கும் தொல்லைக்கு அது விடையானது. இங்கிலாந்தில் தில்மனின் பெயரிலேயே ஒரு கம்பெனி எழுந்து, மணலுக்குப் பதிலாக இரும்புக் குண்டுமணிகளையும் செய்து விற்றது. அழுத்தக் காற்று இயந்திரங்கள் பரவிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீராவி விடைபெற்றது. 1904இல் தோமஸ் பாங்போர்ன் அமெரிக்காவில் இந்த இயந்திரங்களை விற்கும் தொழிலைத் தொடங்கினார். அதே 1904இல்தான் இலங்கையில் ஓட்டோமொபைல் சங்கம் நிறுவப்பட்டது. மோட்டார் வண்டியும் மணல் அடிக்கும் கருவியும் ஒரே காலத்தில் வளர்ந்தவை. இரண்டும் சந்திக்க வண்டிகள் பழசாக வேண்டியிருந்தது.

இந்தத் தொழிலின் கறுப்புப் பக்கம் தூசு. ஆற்று மணலும் கடல் மணலும் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. இரும்பில் மோதியதும் மணி நொறுங்கிக் கண்ணுக்குத் தெரியாத தூளாகிறது. நுரையீரலின் கடைசி அறை வரை அது போய்த் தங்கி, சுற்றிலும் தழும்புத் திசுவை வளர்க்கிறது. அந்த நோய்தான் சிலிக்கோசிஸ். தூசை விட்டு விலகினாலும் நோய் நிற்பதில்லை, குணமாக்கும் மருந்தும் இல்லை. மூடிய அறைக்குள் மணல் அடித்தவர்கள் சில வருடங்களிலேயே மூச்சிழந்தனர். பிரித்தானியா 1949இல் விதி வகுத்து, வார்ப்புகளையும் அவை போன்ற பொருட்களையும் துப்புரவாக்கச் சிலிக்கா மணல் அடிப்பதைத் தடைசெய்தது. மற்ற நாடுகள் பின்தொடரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. புது ஜீன்ஸைப் பழசாகக் காட்ட மணல் அடித்த துருக்கித் தொழிலாளர்களிடையே இதே நோய் பரவி, அந்த நாடு 2009இல் தடைவிதிக்கும் அளவுக்குப் போனது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஆற்று மணல் அடிக்கும் வழக்கம் தெற்காசியாவில் இன்னும் ஒழியவில்லை. மலிவான மணல் என்று சொல்வது தவறு. அதன் விலையைக் கொடுப்பவர் வண்டிக்காரர் அல்லர் என்பதுதான் உண்மை.

சிலிக்காவுக்கு மாற்றாக இரும்புத் தூள், செம்பு உருக்கும் ஆலைக் கழிவு, கண்ணாடி மணி, சமையல் சோடா எனப் பலவும் வந்தன. நியூயோர்க் சுதந்திர தேவி சிலையின் செப்புத் தகட்டை 1980களில் உட்புறமாகத் துப்புரவாக்கச் சோடாவே பயன்பட்டது. சேசி வேலைக்கு அது போதாது; பெயின்றை உரிக்கும், கறளை அசைக்காது. இரும்புக்குப் பொருந்திவந்தது கார்னட். குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65, கார்னட்டின் ஒப்படர்த்தி 4க்குச் சற்று மேல். ஒரே பருமனுள்ள மணி கூடுதல் எடையோடு போய் அடிக்கிறது. எளிதில் நொறுங்காததால் தூசு குறைவு. கட்டற்ற சிலிக்காவும் மிகச் சிறிதளவே. சலித்தெடுத்து மூன்று, நான்கு முறை திரும்பவும் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் ஹென்றி பார்ட்டன் 1878இலேயே கார்னட்டை உரைதாளில் ஒட்டி விற்கத் தொடங்கியிருந்தார். வீசி அடிக்கப் பயன்பட்டது அதற்கு வெகு காலம் பின்னர்.

இங்கே தொழிலின் வரலாறு மன்னார் வளைகுடாவுக்கு வந்து சேர்கிறது. தென்னிந்தியாவும் இலங்கையும் ஒரே பெருங்கண்டத்தில் ஒட்டியிருந்த காலத்தில் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகள் இரு கரைகளிலும் இருக்கின்றன. கார்னட் அவற்றில் நிறைய உண்டு. மழையும் ஆறும் பாறையைக் கரைத்துக் கொண்டுவர, அலை பாரமான மணிகளைப் பிரித்துக் கரையில் ஒதுக்குகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரைகளில் சில இடங்களில் மணல் சிவந்தும் சில இடங்களில் கறுத்தும் கிடப்பது இதனால்தான்: சிவப்பு கார்னட், கறுப்பு இல்மனைட். இலங்கைப் பக்கத்தில் தெற்கே கிரிந்தைப் பகுதியில் கார்னட் செறிவு அதிகம். கிழக்கே புல்மோட்டையில் 1957இல் தொடங்கிய அரசுக் கூட்டுத்தாபனம் இல்மனைட்டைப் பிரித்தெடுத்து வருகிறது. வங்காலைக்குத் தெற்கே கடலில் கலக்கும் அருவியாறு, 164 கிலோமீற்றர் ஓடி உள்நாட்டுப் பாறைகளின் தூளைக் கொண்டுவந்து சேர்க்கிறது. மன்னார்த் தீவின் மணலில் இல்மனைட், உருட்டைல், சிர்க்கனோடு கார்னட்டும் உண்டு.

தமிழ்நாட்டுக் கடற்கரைக் கார்னட் 1990களிலிருந்து பெரும் ஏற்றுமதிப் பொருளாகி, வளைகுடா நாடுகளின் கப்பல் துறைகளிலும் எண்ணெய்த் தாங்கிகளிலும் அடிக்கப்பட்டது. கட்டுக்கடங்காமல் அள்ளியதாகவும் கதிரியக்கமுள்ள மொனசைட்டும் சேர்ந்து போவதாகவும் எழுந்த புகார்களையடுத்து, 2013இல் தமிழக அரசு ககன்தீப் சிங் பேடி தலைமையில் குழு அமைத்துத் தாது மணல் அள்ளுவதை நிறுத்தியது. 2018இல் ஏற்றுமதி அரசு நிறுவனத்தின் வழியாக மட்டும் என்றானது. அந்த இடத்தைப் பெருமளவுக்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் கிரிகரி மணலும் பிற நாட்டு மணலும் நிரப்பின. மன்னார்த் தீவில் ஆஸ்திரேலியக் கம்பெனி ஒன்று இல்மனைட் தேடி ஆய்வுத் துளைகள் இட்டபோது, தாழ்ந்த தீவுக்குள் கடல் ஏறிவிடும் என்று அஞ்சி மக்கள் பலமுறை எதிர்த்தனர். 2025இலும் மன்னார் நகரில் போராட்டம் நடந்தது.

வேலை நடக்கும் விதத்தில் அவசரத்துக்கு இடமில்லை. முதலில் எண்ணெய்ப் பசை முழுவதும் கழுவப்பட வேண்டும். கிறீஸ் இருக்கும் இடத்தில் மணி அடித்தால் பசை போகாது, இரும்புக்குள் இன்னும் ஆழமாகப் பதியும். பிறகு பெயின்ற் பிடிக்காது. சேசி இலக்கம் பொறித்த இடத்தைத் தடித்த றப்பர் ஒட்டி மூட வேண்டும். இலக்கம் தேய்ந்தால் பதிவில் சிக்கல் வரும். இலங்கையில் பழைய வண்டியின் மதிப்பில் பாதி அந்த இலக்கத்தில் இருக்கிறது. மரைகளுக்கும் துளைகளுக்கும் பழைய ஆணிகளையே இட்டு அடைப்பார்கள். பெட்டிச் சேசியின் திறந்த வாய்களை மூடாவிட்டால் உள்ளே புகும் மணி எடுக்க எடுக்க வராது. ஓடும்போது சலசலத்து ஈரத்தையும் தேக்கும்.

காற்றழுத்தம் ஆறேழு பார். ஆறு மில்லிமீற்றர் நொசிலுக்கு நிமிடத்துக்கு 80 கனஅடிக் காற்று வேண்டும். ரயர் கடைக் கொம்பிரசர் அதில் கால் பங்கும் தராது. மணியைச் செங்கோணத்தில் அடித்தால் திரும்பி மோதிச் சக்தி வீணாகும் என்பதால் சற்றுச் சரித்து அடிப்பார்கள். அடிப்பவரின் தலைக்கவசத்துக்குள் தனிக் குழாயில் சுத்தமான காற்று வர வேண்டும். சேசி போன்ற தடித்த இரும்பு இந்த அழுத்தத்தைத் தாங்கும். அதே உற்சாகத்தில் மட்கார்ட்டையும் கதவையும் அடித்துக் கெடுத்தவர்கள் பலர். சூட்டினால் தகடு வளைவதாகவே பலரும் நினைக்கிறார்கள். மணிகள் தட்டித் தட்டி ஒரு பக்கத்துத் தோலை நீட்டிவிடுவதே முதன்மையான காரணம்.

எவ்வளவு துப்புரவு போதும் என்பதற்குச் சுவீடன் நாட்டவர் வண்ணப் படங்களோடு ஒரு தரம் வகுத்தனர். 1967இல் பரவலான அது 1988இல் சர்வதேசத் தரமானது. சேசிக்குக் கேட்க வேண்டியது அதில் 'எஸ்ஏ இரண்டரை': ஏறத்தாழ வெள்ளை இரும்பு, அங்கங்கே மெல்லிய நிழல் மட்டும். மேற்பரப்பு வழவழப்பாக இருக்காது. 40 முதல் 75 மைக்ரோன் ஆழமுள்ள மேடுபள்ளங்களாகும். பிரைமர் பல் பதிப்பது அதில்தான்.

அந்த நிலையில் சேசி தன் உண்மையைச் சொல்லும். தார் பூசி மறைத்த ஒட்டுகள், புட்டி அடைத்த ஓட்டைகள், விபத்துக்குப் பின் பற்றவைத்த தழும்புகள் எல்லாம் வெளிவரும். பலமாகத் தெரிந்த தகடு மணி பட்டுச் சல்லடையானால் அதைச் சேதம் என்று கணக்கிடக் கூடாது. அந்த இரும்பு ஏற்கெனவே இல்லை. லாண்ட் றோவர் பெட்டியில் கறள் உள்ளிருந்து வெளியே வருவதால், வெளியை மட்டும் அடித்து மினுக்குவது அரை வேலை. உள்ளே நொசில் எட்டாத இடத்துக்கு மெழுகு கலந்த எண்ணெயைத் தெளிக்க வேண்டும், இல்லையேல் முழுச் சேசியையும் 450 பாகை செல்சியசில் உருகிய துத்தநாகத்தில் தோய்க்க வேண்டும். மைனருக்குப் பெரும்பாலும் அழிந்த பகுதியை வெட்டிப் புதிது வைப்பதே வழி. அந்தத் தேவையை நம்பி இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் திருத்தகம் நடத்திய சார்ல்ஸ் வெயர், 1990களின் தொடக்கத்தில் இலங்கையிலேயே மைனர் தகடுகள் செய்யும் தொழிற்சாலையைக் கூட்டாகத் தொடங்கினார். அங்கே அடித்த தகடுகள் கார் பிறந்த நாட்டுக்கே போயின.

கடற்கரை வண்டிகளில் இந்த வேலை தோற்பது பெரும்பாலும் மணியால் அல்ல, உப்பால். கறள் குழியின் அடியில் குளோரைட்டு இரும்போடு சேர்ந்து கரையும் உப்பாகக் கிடக்கிறது. மணி கறளை உடைக்கும், உப்பை அகற்றாது. சில சமயம் குழிக்குள் இன்னும் அமுக்கும். மாலையில் வெள்ளையாக நின்ற சேசியில் விடியும்போது கறுப்புப் புள்ளிகள் தோன்றினால் அது மிச்ச உப்பின் வேலை. அடிப்பதற்கு முன் நல்ல தண்ணீரால் அழுத்திக் கழுவி, அடித்து, ஓர் இரவு ஈரக்காற்றில் விட்டு, மறுபடி கழுவி, மறுபடி அடிப்பதுதான் தீர்வு. கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீரே உவர் என்பதால் கழுவும் நீரையும் பார்க்க வேண்டும். கார்னட்டுக்கான சர்வதேசத் தரம் கரையும் குளோரைட்டை நூற்றுக்கு 0.0025 பங்குக்கு மேல் அனுமதிப்பதில்லை. கடற்கரையில் அள்ளிய கார்னட்டானாலும் நல்ல நீரில் அலசாமல் இந்த அளவுக்குள் வராது.

ஈரப்பதன் 85 வீதத்துக்குக் கீழும், இரும்பின் வெப்பநிலை, காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிபடுநிலையைவிட மூன்று பாகையாவது மேலும் இருக்கும்போதே பிரைமர் அடிக்கலாம். அதுவும் நான்கு மணித்தியாலத்துக்குள். சோளகம் வீசும் நாளில் அதற்கும் முன். கை பட்ட இடத்தில் வியர்வையின் உப்பே கறளைத் தொடக்கிவிடும். பழைய வழக்கப்படி றெட் ஒக்சைட்டைப் பூசித் திருப்தியடைவது உள்நாட்டில் சில வருடம் தாங்கலாம். மன்னார்க் கரைக்குத் துத்தநாகம் செறிந்த இப்பொக்சியும் அதற்கு மேல் இரண்டு பூச்சும் வேண்டும்.

ஆகவே வங்காலைக் கரையில் சும்மா கிடைக்கிறது என்று கடல் மணலைச் சலித்துச் சேசிக்கு அடிப்பது எந்தக் கணக்கிலும் சரிவராது. அதில் குவார்ட்ஸ் இருக்கிறது, சிப்பி இருக்கிறது, உப்பும் இருக்கிறது. ஒரு சேசிக்கு வேண்டிய கழுவிய கார்னட் நூறு, இருநூறு கிலோதான். வண்டியை உள்நாட்டுப் பட்டறைக்கு அனுப்புகிறவர் கூலியைப் பேசுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது: எந்த மணி அடிக்கிறார்கள், அடிப்பவருக்குக் காற்றுக் குழாயோடு தலைக்கவசம் உண்டா, அன்றைக்கே பிரைமர் போடுவார்களா?